இருபத்து மூன்றாம் ஆள்

மூன்று வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டமெல்லாம் கலைந்து, சங்கரன்கோவில் தன் வழக்கமான சத்தத்துக்குத் திரும்பியிருந்த வாரம். பெங்களூரில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று கம்பெனி சொன்னதும் ஊருக்கே குடிவந்துவிட்டவன் நான். மாடியில் ஒரு அறை, இரண்டு மானிட்டர், ஒரு இன்வெர்ட்டர். அவ்வளவுதான் என் ஆபீஸ்.

கம்பெனி வேலை போக எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதைக் கொஞ்சம் சொல்லிவிட்டால்தான் பின்னால் நடந்தது புரியும்.

கணினியில் எந்த மென்பொருளைத் திறந்தாலும் பொத்தான்கள் இருக்கும், எழுதுவதற்குப் பெட்டிகள் இருக்கும், உருட்டி உருட்டிப் பார்க்கும் பட்டியல்கள் இருக்கும். மென்பொருள் எழுதுகிறவர்கள் இவற்றை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து செய்வதில்லை. தயாராகச் செய்து வைத்த தொகுப்பு ஒன்றிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். லைப்ரரி என்று சொல்வோம். அப்படி ஒரு லைப்ரரியைப் பராமரிக்கும் நான்கு பேரில் நானும் ஒருவன். மற்ற மூவரும் வேறு வேறு நாட்டில் இருக்கிறார்கள். ஒருவரையும் நேரில் பார்த்ததில்லை. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஒரே மாதிரி ஓடும் என்பதுதான் எங்கள் லைப்ரரியின் பெருமை. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். யார் யார் பயன்படுத்துகிறார்கள் என்பது எங்களுக்கே தெரியாது.

பதினைந்து வருடமாகப் பலர் கைபட்ட சரக்கு அது. ஒரே காரியத்தை மூன்று சிஸ்டத்துக்கும் மூன்று விதமாக எழுதி வைத்திருந்தார்கள். அந்த வருடம் பட்டியல் பகுதியை ஒழுங்குபடுத்தும் பொறுப்பை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். வெளியே தெரிவது எதுவும் மாறக்கூடாது. உள்ளே இருப்பதை மட்டும் சுத்தப்படுத்த வேண்டும். ஆட்கள் குடியிருக்கும்போதே வீட்டில் வயரிங்கை மாற்றுவது போன்ற வேலை. நான்கு மாதம் உட்கார்ந்து இரண்டாயிரம் நிரல் வரிக்கு மேல் நீக்கினேன். மூன்று விதமாக இருந்ததை ஒன்றாக்கினேன். பட்டியல் முன்பைவிட வேகமாக ஓடியது.

நீக்கியதில் ஒரு சின்னப் பகுதி, பத்துப் பன்னிரண்டு வரிதான் இருக்கும். அதற்கு மேலே பழைய பராமரிப்பாளர் ஒருவர் குறிப்பு எழுதி வைத்திருந்தார்: ‘தேவையில்லாதது போலத் தெரியும். நீக்க வேண்டாம்.’ ஏன் என்று எழுதவில்லை. அவர் வயதாகி ஒதுங்கிப் பல வருடம் ஆகியிருந்தது. அந்த வரிகளை எடுத்துவிட்டு எங்களிடம் இருந்த எல்லாச் சோதனைகளையும் ஓட்டிப் பார்த்தேன். எல்லாம் பாஸ். திருஷ்டிக்குக் கட்டித் தொங்கவிட்ட எலுமிச்சம்பழம் மாதிரி யாரோ பயந்துபோய் வைத்தது என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டு நீக்கிவிட்டேன்.

புதுப் பதிப்பு வெளியானது. பாராட்டி நிறையப் பேர் எழுதினார்கள். அதையெல்லாம் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன்.

மூன்றாவது வாரம் எங்கள் லைப்ரரியின் புகார்ப் பக்கத்தில் ஒரு புகார் வந்தது. ஆங்கிலத்தில் நான்கைந்து வரி. பட்டியலில் எண் தவறாக வாசிக்கப்படுகிறது, பெயர் ஒருவருடையது, எண் வேறொருவருடையது என்று இருந்தது. எழுதியவரின் பெயர் ஏதோ எழுத்தும் எண்ணும் கலந்த புனைபெயர். எந்த நாட்டுக்காரரோ என்று நினைத்தேன். ஐந்து வரி உள்ள ஒரு பட்டியலை வைத்துச் சோதித்தேன். சரியாகத்தான் இருந்தது. ‘எனக்கு அப்படி வரவில்லை. ஸ்கிரீன்ஷாட் அனுப்பவும்’ என்று பதில் போட்டேன்.

மறுநாளே ஸ்கிரீன்ஷாட் வந்தது. பார்த்தால் அதில் எல்லாம் சரியாக இருந்தது. எங்கோ பார்த்துவிட்டு எதையோ எழுதுகிறார் என்று எரிச்சலாகிவிட்டது எனக்கு. ‘நீங்கள் அனுப்பிய படத்திலேயே சரியாகத்தான் இருக்கிறது. பயன்படுத்தும் விதத்தில் ஏதோ தவறு’ என்று எழுதி, தீர்ந்தது என்று குறித்துப் புகாரை மூடினேன். இரண்டு நாள் கழித்து அவர் திரும்பத் திறந்தார். நான் திரும்ப மூடினேன். இந்த முறை பதில்கூட எழுதவில்லை.

அதற்கடுத்த வாரம் ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு மெயில். தமிழில் இரண்டே வரி: ‘சார், அந்தப் புகார் எழுதினது நான்தான். இதைக் கேட்டுப் பாருங்க.’ கூடவே ஒரு ஆடியோ. சோற்றுக் கையை நீட்டிக்கொண்டு, இடது கையால் அதைத் தட்டினேன்.

முதலில் ஒரு பெண் குரல் வந்தது.

“சார், இது நெசமான ஆளுக பேரு இல்ல. நானே அறுவது பேரு போட்டு ஒரு லிஸ்ட் செஞ்சிருக்கேன். ஒண்ணாம் ஆளுக்கு நம்பர் ஒண்ணு, ரெண்டாம் ஆளுக்கு ரெண்டு. இப்ப கம்ப்யூட்டர் வாசிக்கத மட்டும் கேளுங்க.”

பிறகு இயந்திரக் குரல் ஒன்று வாசிக்கத் தொடங்கியது. ஒன்றாம் ஆள், ஒன்று. இரண்டாம் ஆள், இரண்டு. இப்படியே போனது. இருபத்து இரண்டாம் ஆள், இருபத்து இரண்டு. அடுத்து, இருபத்து மூன்றாம் ஆள், ஒன்று. இருபத்து நான்காம் ஆள், இரண்டு.

“கேட்டீங்களா சார்?” என்றது அந்தப் பெண் குரல். “ஒரு ஸ்கிரீன் முடிஞ்சு கீழ போன உடனே பேரு மாறுது, நம்பர் மாற மாட்டேங்கு. நான் புளியங்குடிதான் சார். உங்க பேருக்குக் கீழ சங்கரன்கோவில்னு போட்டிருக்கு. ஒரு தடவ வந்தீங்கன்னா காட்டுதேன்.”

என் மனைவி ரசத்தை ஊற்றப் போனவள் கரண்டியோடு நின்றுவிட்டாள். “யாருங்க இந்தப் பிள்ள? எதுக்கு கம்ப்யூட்டர வாசிக்கச் சொல்லிக் கேக்கா?” என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கையைக் கழுவிவிட்டு மாடிக்கு ஓடினேன். அவர் முதலில் எழுதிய புகாரைத் திறந்து, நான் வாசிக்காமல் விட்ட கடைசி வரிவரை வாசித்தேன். எந்த ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்துகிறார் என்று எழுதியிருந்தார். திரையில் இருப்பதைக் குரலாக வாசித்துச் சொல்லும் மென்பொருள் அது, பார்வையில்லாதவர்களுக்கானது. ஸ்கிரீன்ஷாட்டோடு அனுப்பிய செய்தியின் கடைசி வரி: ‘எனக்குப் பார்வை கிடையாது. இந்தப் படத்தில் என்ன விழுந்திருக்கிறது என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.’

பார்வையில்லாத ஒருவரிடம் படம் கேட்டிருக்கிறேன். அவரும் எடுத்து அனுப்பியிருக்கிறார். அந்தப் படத்தையே காட்டி அவர் மீது குற்றம் சொல்லியிருக்கிறேன்.

அறுபது வரிப் பட்டியல் ஒன்றைச் செய்து, ஸ்கிரீன் ரீடரைப் போட்டுக் கேட்டேன். அச்சு அசலாக அதேதான் வந்தது. இருபத்து மூன்றாம் ஆள், ஒன்று. இத்தனை வருட அனுபவத்தில் இவ்வளவு தெளிவாக ஒரு பிழையைப் பிடித்துக் கையில் கொடுத்தவர்கள் யாரும் கிடையாது. ஐந்து வரி வைத்துச் சோதித்த என்னை நினைத்து எனக்கே கூச்சமாக இருந்தது.

கீழே வந்து மனைவியிடம் சொன்னேன். இங்கிருந்தே சரிசெய்துவிடலாம் என்றேன்.

“முக்கா மணி நேரத்துல இருக்க ஊரு. அந்தப் பிள்ள வாங்கன்னு கூப்பிட்டிருக்கு. போயிட்டு வாங்க” என்றாள்.

மறுநாள் காலையில் பஸ் ஏறினேன். புளியங்குடியில் இறங்கி, எலுமிச்சை மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்த தெருவைத் தாண்டி, அவர் சொன்ன அடையாளத்தில் போனால் அது ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை நிலையம். சின்ன இடம். முன்னால் நாலைந்து பேர் கையில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

ஆடியோ அனுப்பிய பெண்ணுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். மேஜையில் கணினி இருந்தது, போன் இருந்தது. இரண்டையும் தொடாமல் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பேசியதும் குரல் வந்த பக்கம் திரும்பினார்.

“வாங்க சார். சங்கரன்கோவில்ல இருந்துதானே? உக்காருங்க. நாற்காலி உங்களுக்கு இடது பக்கம் கெடக்கு” என்றார்.

எனக்கு நாற்காலி கண்ணுக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் அவர் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தேன்.

அந்த நிலையத்தின் உரிமையாளர் ஐம்பது வயதுக்காரர். உள்ளே இருந்து வந்தார். நான் யார் என்று தெரிந்ததும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“இந்தப் பிள்ள ஆறு வருசமா இங்கன இருக்கு தம்பி. மலையடிவாரத்துல இருந்தெல்லாம் ரத்தம் குடுத்துட்டுப் போறாக. ரிசல்ட் வாங்க திரும்பி வர முடியாது. இதுதான் போன் பண்ணிச் சொல்லும். இது குரல் கேட்டாத்தான் சில பேருக்கு நிம்மதி. ஆனா ரத்தத்து ரிசல்ட்டுல்லா தம்பி. இப்படி ஒரு தப்பு நடந்த பொறவு நான் எப்பிடிப் போன எடுத்து இது கையில குடுக்க?”

“என்ன தப்பு?” என்று கேட்டேன். ஆடியோவில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை.

அந்தப் பெண்தான் சொன்னார். நிதானமாக, யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலச் சொன்னார். மூன்று வாரத்துக்கு முன் அவர்கள் மென்பொருளுக்கு அப்டேட் வந்திருக்கிறது. மதுரையில் ஒரு சின்ன கம்பெனி செய்து கொடுத்த மென்பொருள். அதற்குள்ளே எங்கள் லைப்ரரியின் புதுப் பதிப்பு. அடுத்த நாள் வாசுதேவநல்லூரில் ஒரு பெரியவருக்குப் போன் செய்து, சர்க்கரை நூற்றுப் பத்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். பெரியவர், ‘அப்படியா தாயி, எனக்கென்னமோ தலையச் சுத்திக்கிட்டே கெடக்கு, தண்ணி குடிச்சு மாளல’ என்றாராம்.

“போன வச்சிட்டேன் சார். ஆனா அடுத்த நம்பரப் போட கை வரல. அந்த அய்யாவுக்கு எப்பவும் எரநூறுக்குக் கீழ வந்ததே இல்ல. நூத்திப் பத்து வந்தாலும் இந்த மாதிரி எதுக்குப் பேசுதாகன்னு தோணிச்சு. டெக்னீசியன் பிள்ளையக் கூப்பிட்டு, ஸ்கிரீன்ல என்ன இருக்குன்னு பாருட்டின்னேன். நானூத்திச் சொச்சம்னா.”

உடனே திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள். பெரியவரை மகள் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நான்கு நாள் இருந்து நன்றாகித் திரும்பிவிட்டார். இந்தப் பெண் அன்றைக்கே உரிமையாளரிடம் போய், நான் கேட்டதைத்தான் சொன்னேன், ஆனால் நான் கேட்டது தப்பு, என்ன காரணம் என்று தெரிகிறவரை என்னைப் போன் பேச விடாதீர்கள் என்று தானே சொல்லியிருக்கிறார்.

அதற்குப் பிறகு மூன்று வாரம். காலையில் வருவார், உட்கார்ந்திருப்பார், சாயங்காலம் போவார். முதலில் மதுரைக் கம்பெனிக்கு எழுதினார். அவர்கள் எங்கள் லைப்ரரியின் புகார்ப் பக்கத்தைக் காட்டிவிட்டார்கள். அங்கே என்னிடம் வந்தார். நான் இரண்டு முறை கதவைச் சாத்தினேன்.

நான் மன்னிப்புக் கேட்டேன். வார்த்தை சரியாக வரவில்லை. அவர் கீபோர்டை என் பக்கம் நகர்த்தி, “சார், மானிட்டர ஆஃப் பண்ணிட்டு நாப்பதாவது ஆளுக்கு என்ன ரிசல்ட்னு கண்டுபிடிங்க” என்றார்.

அணைத்தேன். காதில் ஹெட்போனை மாட்டிவிட்டார். கறுப்புத் திரையின் முன்னால் கீபோர்டைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். நான் எழுதிய பட்டியல், எங்கள் லைப்ரரியின் பொத்தான்கள். எங்கே இருக்கிறேன் என்றே தெரியவில்லை. ‘பொத்தான், பொத்தான்’ என்று ஏதோ சொல்கிறது, என்ன பொத்தான் என்று சொல்லவில்லை. ஐந்து நிமிடத்தில் வேர்த்துவிட்டது. அவர் லேசாகச் சிரித்தார். கேலி செய்கிற சிரிப்பு இல்லை.

“பழசுல இவ்வளவு கஷ்டம் இல்ல சார். நல்லா இருந்துச்சு. அதுக்குத்தான் எழுதினேன்.”

நான் நீக்கிய அந்தப் பத்துப் பன்னிரண்டு வரிகள் எதற்கு இருந்தன என்று அங்கே உட்கார்ந்துதான் புரிந்தது. பட்டியலை உருட்டும்போது மேலே மறைந்துபோன வரியைத்தான் கீழே புது ஆளுக்கு எடுத்துப் பயன்படுத்துவோம். வேகத்துக்காக. கண்ணால் பார்ப்பவர்களுக்குப் புது எழுத்து வந்துவிடும். ஆனால் ஸ்கிரீன் ரீடரிடம், இது பழைய வரி இல்லை, முழுக்கப் புதிது என்று தனியாகச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லிக்கொண்டிருந்தவை அந்த வரிகள்தான். எங்கள் சோதனைகள் எல்லாமே திரையைப் பார்த்தவை. காதால் கேட்ட சோதனை ஒன்றுகூட இல்லை.

கிளம்பும்போது, நான் என்ன செய்ய வேண்டும் என்று அவரிடம் கேட்டேன். சீக்கிரம் சரிசெய்து கொடுங்கள் என்பார் என்று எதிர்பார்த்தேன்.

“அந்த அய்யாவோட மககிட்ட ஒரு வார்த்த சொல்ல முடியுமா சார்? அவுக இங்கனயே வந்து, கண்ணு தெரியாத ஆள வேலைக்கு வச்சா இப்படித்தான் நடக்கும்னு சத்தம் போட்டுட்டுப் போயிட்டாக. அவுக கோவம் நியாயம்தான். ஆனா அது காரணம் இல்லன்னு அவுகளுக்குத் தெரியணும். எனக்குப் பின்னால இந்த மாதிரி எடத்துக்கு வேலைக்கு வர பிள்ளைகளுக்கும் சேத்துத்தான் கேக்கேன்.”

சரி என்று சொல்லிவிட்டேன். பஸ் ஏறினேன். ராஜபாளையம் போகிற பஸ். வாசுதேவநல்லூரில் இறங்காமல் அப்படியே போய்விடலாமா என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. என் பெயரோ ஊரோ அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. நான் போகாவிட்டால் யாரும் தேடி வரப்போவதில்லை.

இறங்கினேன். ஒருவர் வருவார் என்று மட்டும் உரிமையாளர் ஏற்கெனவே போன் செய்து சொல்லியிருந்தார். பெரியவர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மகள் அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்ப்பவர். சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தார். உள்ளே வரச் சொல்லாமல் வாசலிலேயே நிறுத்தி, “சொல்லுங்க” என்றார்.

எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. லைப்ரரி, பட்டியல், வரி என்று உளறினேன். அவர் முகம் சுளித்துக்கொண்டே கேட்டார். நடுவில் கையைக் காட்டி நிறுத்தினார்.

“இருங்க. பழைய ஃபைலுக்கு மேல புது ஆளு பேர எழுதிட்டு, உள்ள இருந்த பேப்பர மாத்தாம விட்டுட்டீங்க. அப்படித்தானே?”

நான் நான்கு மாதம் செய்த வேலையை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. “அப்படித்தாங்க” என்றேன்.

“அப்ப அந்தப் பிள்ள?”

“அவங்களுக்கு என்ன கேட்டுச்சோ அதைச் சரியாத்தான் சொன்னாங்க. நம்பர் தப்பா இருக்கும்னு சந்தேகப்பட்டதே அவங்கதான். கண்ணு தெரியற நாங்க யாரும் கண்டுபிடிக்கல. அவங்க எழுதிச் சொன்ன பிறகும் நான் நம்பல.”

பெரியவர் பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, “நான்தான் அன்னைக்கே சொன்னேன்லா, அந்தப் பிள்ள திரும்பக் கூப்பிடலைன்னா நான் படுத்துத் தூங்கிருப்பேன்னு” என்றார் மகளிடம்.

“நீங்க சும்மா இருங்கப்பா” என்றார் மகள். பிறகு என்னைப் பார்த்து, “ஒங்க மேல இருக்க கோவம் இன்னும் போகல. சீக்கிரம் போகவும் போகாது. எங்க அப்பா உயிரு அது. ஆனா நான் அந்தப் பிள்ளைய ரொம்பப் பேசிட்டேன். அது எனக்கும் அதுக்கும் உள்ளது. நான் பாத்துக்கிடுதேன்” என்றார்.

தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. நான் அதை எதிர்பார்க்கவும் இல்லை.

அன்றைக்குச் சாயங்காலமே மற்ற மூன்று பேருக்கும் எழுதினேன். புதுப் பதிப்பைத் திரும்பப் பெற வேண்டும், காரணம் நான், இதனால் ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பாராட்டி எழுதிய அத்தனை பேரும் பார்க்கும் அதே பக்கத்தில் அந்த அறிவிப்பையும் நானே போட்டேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன். சிலர் திட்டினார்கள். கூட வேலை செய்யும் மூன்று பேரும் அவரவர் நாட்டிலிருந்தே ஆளுக்கொரு சிஸ்டத்தை எடுத்துக்கொண்டு சரிசெய்ய உட்கார்ந்தார்கள். ஒதுங்கிப்போன அந்தப் பழைய பராமரிப்பாளருக்கும் நடந்ததை எழுதினேன். ஒரு வரியில் பதில் வந்தது: ‘ஏன் நீக்கக் கூடாது என்று நான் எழுதி வைத்திருக்க வேண்டும்.’ என் தவறில் தனக்கும் ஒரு பங்கை எடுத்துக்கொண்ட அந்த மனிதரை இன்றுவரை பார்த்ததில்லை.

சரிசெய்ய ஒன்பது நாள் ஆனது. ஒவ்வொரு நாளும் நான் செய்ததைப் புளியங்குடிப் பெண்ணுக்கு அனுப்புவேன். அவர் கேட்டுவிட்டுக் கூப்பிடுவார். முதல் நாள், “சார், இப்ப ஒவ்வொரு பேரையும் ரெண்டு ரெண்டு தடவ சொல்லுது” என்றார். அதைச் சரிசெய்தேன். நான்காவது நாள், பட்டியலைப் பெயர் வரிசையில் மாற்றினால் பழைய கோளாறு திரும்ப வருகிறது என்று கண்டுபிடித்தார். எனக்கு அது தோன்றவே இல்லை. லினக்ஸில் கேட்டுப் பார்க்க ஆள் இல்லை என்றதும், கடையநல்லூரில் தனக்குத் தெரிந்த பார்வையில்லாத ஆசிரியர் ஒருவரைப் பிடித்துக் கொடுத்தார். ஏழாவது நாள் கூப்பிட்டு, “சார், நீங்க எதையாவது மாத்திட்டு எனக்கு அனுப்புததுக்கு முன்னாடி நீங்களே ஒரு தடவ கண்ண மூடிட்டுக் கேளுங்க. பாதி தப்பு அங்கனயே மாட்டிக்கிடும்” என்றார். அதற்குப் பிறகு அனுப்பியதில்தான் தப்புக் குறைந்தது.

மதுரைக் கம்பெனியிடம் நானே பேசினேன். நிலைமையைச் சொன்னதும் ஒரு வாரத்தில் மாற்றித் தந்தார்கள்.

அவர் வேலைக்குத் திரும்பிய நாள் நானும் புளியங்குடியில் இருந்தேன். உரிமையாளர் எல்லோருக்கும் காபி வாங்கி வரச் சொன்னார். அன்றைக்கு ஐம்பத்து மூன்று பேருடைய முடிவுகள் இருந்தன. டெக்னீசியன் பெண் பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்க்க, இவர் காதால் கேட்டுச் சொல்ல, ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்கள். இருபத்து மூன்றாம் ஆள் வந்தபோது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். சரியாக வந்தது. ஐம்பத்து மூன்றும் சரியாக வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவரிடம், “இனிமே தைரியமா நீங்களே பேசலாம்” என்றேன்.

“ஒரு வாரம் பாப்போம் சார்” என்றார். அவ்வளவுதான். முகத்தில் சந்தோஷம் இருந்தது. நம்பிக்கை இன்னும் வரவில்லை. அதை நான் கேட்டு வாங்க முடியாது என்பதும் எனக்குப் புரிந்தது.

சொன்னபடியே ஒரு வாரம் ஒவ்வொரு முடிவையும் டெக்னீசியனை வைத்துச் சரிபார்த்த பிறகுதான் போனில் சொன்னார். எட்டாவது நாள் ஒரு ஆடியோ அனுப்பினார். “இன்னைக்கு தனியா பேசினேன் சார். எல்லாம் சரியா இருந்துச்சு. பொறவு ஒண்ணு, வாசுதேவநல்லூர் அக்கா போன் பண்ணினாக. அர மணி நேரம் பேசினாக. அழுதாக, எனக்கும் அழுக வந்துட்டு. அய்யாவுக்கு இனிமே ரிசல்ட்ட நான்தான் சொல்லணுமாம்.”

இப்போது எங்கள் லைப்ரரியில் எந்தப் பதிப்பும் காதால் கேட்டுச் சோதிக்காமல் வெளியே போவதில்லை. சோதிப்பவர்கள் பட்டியலில் அவர் பெயரும் கடையநல்லூர் ஆசிரியர் பெயரும் இருக்கின்றன. அவர் இப்போதும் மாதத்துக்கு ஒன்றிரண்டு குறைகளாவது கண்டுபிடித்து எழுதுகிறார். கடைசி வரிவரை வாசித்த பிறகுதான் நான் பதில் எழுதுகிறேன்.

தப்புச் செய்ததைவிட என்னை இன்னமும் உறுத்துவது வேறொன்று. திரையைப் பார்க்கவே முடியாத அவர், எண் தவறு என்று தெரிந்த நிமிடம் முதலில் தன்னைச் சந்தேகித்துப் போனை ஓரமாக வைத்தார். எல்லாம் கண் முன்னால் இருந்த நான், முதலில் அவரைச் சந்தேகித்தேன். அந்த இடத்திலிருந்து அவர் இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர எனக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கிறது.